மார்கழித் தடிமனும் மாமியின் கிணற்றடி வழக்கும்

கேள்வி: டொக்டர், எனது மகனுக்கு ஆறு வயது. இந்த வருடம்தான் தரம் ஒன்றில் சேர்ந்தான். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மூன்று முறை தடிமன் பிடித்துவிட்டது. ஒன்று மாறிப் பத்து நாள் ஆகாது, அடுத்தது வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனுக்குக் கிணற்றடியில் தலையில் தோயவார்ப்பதுதான் காரணம் என்று மாமி சொல்கிறா. "பனிக்குள்ள தண்ணி வாத்தால் பிள்ளைக்குத் தடிமன் பிடியாமல் வேற என்ன பிடிக்கும்?" என்று ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் பேச்சு. தடிமன் வைரஸால் வருவது என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் அது ஏன் மாரியிலும் பனிக்காலத்திலும் இப்படிக் கூடுகிறது? ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளும், கார்த்திகை பிறந்தால் அங்கேயும் வீட்டில் எல்லோருக்கும் தடிமனும் ஃபுளூவும்தான் என்கிறா. அங்கே மைனஸ் பத்து, இங்கே இருபத்திரண்டு. இரண்டு ஊரிலும் ஒரே காலத்தில் எப்படி? அவர்கள் குடும்பமாக மார்கழி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மாமிக்குச் சீனி வருத்தமும் இருப்பதால் யோசனையாக இருக்கிறது. மகனுக்கு அன்ரிபயோட்டிக் பாணி வாங்கிக் கொடுக்கலாமா? இந்த முறை திருவெம்பாவைக்கு விடிய எழும்பிப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விடலாமா?

– ஒரு மருமகள், கோண்டாவில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பின்னேரம் அடைமழை. என் டிஸ்பென்சரியின் முன் அறையில் பதினேழு பேர். சாரல் அடிக்கிறதென்று யாரோ இரண்டு யன்னலையும் சாத்தி, கதவையும் முக்கால்வாசி இழுத்துவிட்டிருந்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஒரு சின்னப் பிள்ளை அதில் விரலால் யானை கீறிக்கொண்டிருந்தது. இடையில் விரலை மூக்குக்குள் விட்டு எடுத்து, பிறகு தும்பிக்கையைக் கீறத் தொடங்கியது. வாங்கில் இருந்த பெரியவர் ஒருவர் சால்வை தோளில் கிடக்க, வாயைப் பொத்தாமல் இருமினார். பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பினார். தள்ளி இருக்க இடமில்லை. நான் எழுந்து போய் இரண்டு யன்னலையும் திறந்துவிட்டேன். உடனே மூலையிலிருந்து ஒரு அம்மா, "தம்பி, ஊதல் அடிக்குது. வருத்தக்காரர் இருக்கிற இடத்தில யன்னலைத் திறக்கிற டொக்டரை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றா.

உங்கள் மாமிதான் வந்து இருந்துவிட்டாவோ என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதிலில் பெரும்பகுதி அந்தச் சாத்திய யன்னலில் இருக்கிறது. ஆனால் மாமியை ஒரேயடியாகத் தோற்கடிக்கும் பதில் அல்ல. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கடிதத்தை அவவுக்கு முன்னால் உரத்து வாசிக்காமல் இருப்பதற்காக.

வைரஸ் இல்லாமல் தடிமன் இல்லை. இதில் நீங்கள் சொன்னது சரி. தடிமனைக் கொண்டுவரும் வைரஸ்கள் 200க்கு மேல். அவற்றில் பெரிய கூட்டம் ரைனோவைரஸ். அதற்குள்ளேயே 150க்கு மேற்பட்ட வகைகள். ஒன்றுக்கு உடம்பு பழகிக்கொண்டால் மற்றதற்கு அது உதவாது. அதனால்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடிமன் வருவது வழமை. வளர்ந்தவர்களுக்கு இரண்டு, மூன்று. மாரி தொடங்கி மூன்று என்பது உங்களுக்குப் பெரிய கணக்காகத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. இன்புளுவென்சா இவற்றிலிருந்து வேறு வைரஸ். தடிமன் மெல்ல மெல்ல வரும். ஃபுளூ, காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளையைப் பின்னேரம் பாயில் விழுத்திவிடும்: காய்ச்சல், உடம்பு முறிவு, தலையிடி, வரட்டு இருமல். ஊரில் எல்லாவற்றையும் ஃபுளூ என்று சொல்லப் பழகிவிட்டோம்.

குளிர் மட்டும் தடிமனைத் தருமென்றால், உலகத்திலேயே குளிர் கூடிய இடத்தில்தான் தடிமனும் கூடியிருக்கவேண்டும். வட துருவத்துக்குக் கிட்ட ஸ்பிட்ஸ்பேர்கன் என்று நோர்வேக்குச் சொந்தமான ஒரு தீவு இருக்கிறது. நிலக்கரி தோண்டுகிறவர்கள் குடியிருந்த இடம். 1930களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே தங்கியிருந்து யார் யாருக்கு எப்போது தடிமன் வருகிறது என்று எழுதிவைத்தார்கள். குளிர்காலத்தில் கடல் உறைந்து கப்பல் வராது. புதிய ஆட்கள் இல்லை. சுற்றவிருந்த வைரஸ் எல்லாம் எல்லோரிடமும் சுற்றி முடிந்தது. கடுங்குளிரின் நடுவில் தடிமன் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. பனிக்கட்டி உருகி அந்த வருடத்தின் முதற்கப்பல் வந்து சேர்ந்த சில நாளில், ஊர் முழுக்க மூக்கைச் சிந்தத் தொடங்கியது.

எங்களுடைய முதற்கப்பல் எது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மார்கழி நடுப்பகுதியில் கட்டுநாயக்கவிலிருந்து வான் வான் ஆக ஏ9 வீதியால் வந்து இறங்குகிறது. அதற்காக மச்சாள் வரக்கூடாது என்று நான் எழுதியதாக அவவிடம் சொல்லிவிடாதீர்கள்! பன்னிரண்டு பதின்மூன்று மணித்தியாலம் பூட்டிய விமானத்தில் இருந்து, இரண்டு விமான நிலையத்தில் வரிசையில் நின்று, ஒரு வானில் பத்துப் பேராக நெருங்கி வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவது எங்களுக்குப் புதிய வகை. எங்களிடமிருந்து கொண்டுபோவதும் அவர்களுக்குப் புதிது. வந்த உடனே பிள்ளைகளைக் கட்டிக் கொஞ்ச ஆசையாகத்தான் இருக்கும். இருமுகிற பிள்ளை என்றால் முதல் நாலைந்து நாளைக்கு மாமியின் அறைக்குள் மட்டும் படுக்கவிடாதீர்கள். விறாந்தையில் பாய் போட்டால் அந்தப் பிள்ளைகளுக்கும் அது புதினம்தான்.

இனி மாமியின் பக்கம். குளிரில் நனைந்தால் தடிமன் வருமா என்று பார்ப்பதற்கென்றே ஆட்களை நனைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1946இல் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அருகில் தடிமன் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார்கள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று விடுமுறைக்கு வருவதுபோல ஆட்கள் வந்து தங்கினார்களாம். சிலரைக் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்று அடிக்கும் நடையில் அரை மணித்தியாலம் நிற்கவிட்டார்கள். பிறகும் ஈரக் காலுறையைக் கழற்றவிடவில்லை. பற்கள் கிடுகிடுத்தன, தடிமன் வரவில்லை. மூக்கில் வைரஸ் விட்டவர்களைப் பார்த்தாலும், குளிரில் நின்றவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூட வரவில்லை.

இந்த இடத்தோடு நிறுத்தினால் வழக்கு உங்கள் பக்கம். ஆனால் 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் இன்னொரு பரிசோதனை நடந்தது. 180 பேர். பாதிப்பேர் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீருக்குள் காலை வைத்திருந்தார்கள். மற்றப் பாதிப்பேர் வெறும் பாத்திரத்துக்குள் காலை வைத்திருந்தார்கள். யாருக்கும் வைரஸ் கொடுக்கவில்லை. அடுத்த நாலைந்து நாளில், காலை நனைத்த 90 பேரில் 13 பேர் தடிமன் பிடித்துவிட்டது என்றார்கள். நனைக்காத 90 பேரில் 5 பேர். அந்த ஆராய்ச்சியாளர்கள் தந்த விளக்கம் இது: கால் குளிர்ந்தால் மூக்கின் உள்தோலில் இருக்கும் குருதிக் குழாய்களும் சுருங்குகின்றன. குருதி குறைந்தால் கிருமியோடு சண்டை பிடிக்கும் வெண்குருதிக் கலங்களும் அங்கே குறைவாகத்தான் போய்ச்சேரும். ஏற்கெனவே மூக்குக்குள் வந்து ஒளித்திருந்த வைரஸ் அந்த இடைவெளியில் தலைதூக்குகிறது. ஆகவே குளிர் வைரஸை உண்டாக்காது, உள்ளே வந்துவிட்டதற்குக் கதவைத் திறந்துவிடலாம். மாமி சொல்வதில் இந்த அளவு உண்மை இருக்கிறது. ரைனோவைரஸ் எங்கள் உடம்பின் 37 பாகையில் அவ்வளவு நன்றாகப் பெருகாது. 33, 34 பாகைதான் அதற்கு வசதி. மூச்சு இழுக்க இழுக்கக் குளிர்ந்துகொண்டிருக்கும் மூக்கு அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அது நெஞ்சை விட்டுவிட்டு மூக்கில் குடியேறுவதன் காரணமும் அதுதான்.

மாமி மற்றத் தாய்மார் போலவே ஏமாறுகிற இடமும் ஒன்று இருக்கிறது. பனிக்காற்று மூக்கில் பட்டவுடன் மூக்கு ஓடும். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி நெஞ்சுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. குளிர் கூடினால் அது கூடத் தண்ணீர் விடும். அது தடிமன் இல்லை, உள்ளே வந்தால் நின்றுவிடும். அதேபோல, வைரஸ் உடம்புக்குள் வந்து வேலையைத் தொடங்கியதும் முதலில் தெரிவது சில்லென்ற ஒரு உணர்வு. "தோயேக்கையே எனக்குக் குளிர்ந்தது, அதுதான் பிடிச்சிட்டுது" என்போம். அந்த நேரத்தில் தடிமன் ஏற்கெனவே பிடித்துவிட்டது.

நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் பாருங்கள். வைரஸ் மூக்குக்குள் போன நேரத்திலிருந்து தும்மல் தொடங்க ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும். உங்கள் மகன் ஞாயிறு காலை தோய்ந்து, ஞாயிறு இரவு தும்மினான் என்றால் அவனுக்கு அது வெள்ளியோ சனியோ கிடைத்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மழைக்குள் அவன் எப்படி வீட்டுக்கு வந்தான்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கோண்டாவில் பக்கம் எனக்குத் தெரியும். ஓட்டோவில் ஆறு, ஏழு பிள்ளைகள். முன்னாலும் பக்கங்களிலும் படங்கு இறக்கி இழுத்துக் கட்டியிருக்கும். ஈரச் சப்பாத்து மணம், புத்தகப் பை மடியில், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில். மூக்கைத் துடைத்த கையால் பக்கத்துப் பிள்ளையின் கச்சான் சரையில் இரண்டு கச்சான். இருபது நிமிடப் பயணம் போதும். கிணற்றடிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும் ஒரே காலத்தில் இருமுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். காலம் ஒன்று, காரணம் முழுக்க ஒன்றல்ல. அங்கே வெளியில் 0 பாகை என்று வையுங்கள். அந்தக் குளிரில் ஒரு கன மீற்றர் காற்று வைத்திருக்கக்கூடிய நீராவி மிஞ்சினால் 5 கிராம். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 22 பாகைக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 25 வீதத்துக்கு இறங்கிவிடும். மச்சாளுக்கு அங்கே உதடு வெடிப்பதும் மூக்குக்குள் காய்ந்து குருதி வருவதும் இதனால்தான். அந்தக் காய்ந்த காற்றில் இருமல் துளிகள் நீர் வற்றிச் சிறுத்து, விழாமல் நெடுநேரம் மிதக்கும். இன்புளுவென்சா வைரஸும் அதில் கூட நேரம் உயிரோடு இருக்கும். 2007இல் நியூயோர்க்கில் கினிப்பன்றிகளைப் பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் வைத்துப் பார்த்தார்கள். 5 பாகையில், உலர்ந்த காற்றில் ஃபுளூ ஒரு கூட்டிலிருந்து மற்றதற்கு இலகுவாகப் போனது. 30 பாகையில் காற்றுவழி போகவே இல்லை.

அப்படியானால் எங்களுக்கு ஃபுளூவே வரக்கூடாதே! மார்கழி விடியலில்கூட இங்கே ஒரு கன மீற்றர் காற்றில் 17, 18 கிராம் நீராவி இருக்கும். அதே ஆராய்ச்சியாளர்கள் அடுத்த வருடம் நோயுள்ள கினிப்பன்றியையும் நோயில்லாததையும் ஒரே கூட்டுக்குள் விட்டார்கள். 30 பாகையிலும் தாராளமாகத் தொற்றியது. நெருக்கம் இருந்தால் வெக்கையும் ஈரமும் அதைத் தடுக்காது. எங்கள் ஊருக்குப் பொருத்தம் இந்த இரண்டாவது பரிசோதனைதான். இலங்கையில் இன்புளுவென்சா வருடத்துக்கு இரண்டு முறை தலைதூக்குவது வழக்கம். கார்த்திகை முதல் தை வரை ஒன்று. வருட நடுப்பகுதியில் இன்னொன்று, சோளகம் வீசி வெயில் கொளுத்தும் காலத்தில். அந்த வெக்கையில் யாரும் பனியைக் குற்றம் சொல்லமாட்டார்கள், மாமி உட்பட. ரைனோவைரஸுக்கோ ஈரக்காற்று பகையே இல்லை. இன்புளுவென்சாவுக்கு இருப்பதுபோன்ற கொழுப்பு உறை அதற்கு இல்லை. ஈரத்தில் அது சுகமாக இருக்கும்.

எங்களுடைய வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்று மாதமும் வாடைக்காற்றுக்குப் பயந்து நாங்கள் எதைச் செய்கிறோம்? யன்னலைச் சாத்துகிறோம், படங்கை இறக்குகிறோம், நாலு பேர் ஒரு அறைக்குள் படுக்கிறோம். மழை பெய்தால் பிள்ளைகள் மைதானத்தில் இல்லை, வகுப்புக்குள். எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நான் படித்த ரியூசன் கொட்டில் அரைச்சுவர் வைத்து, மேலே கிடுகு வேய்ந்தது. மழை அடித்தால் கடைசி வாங்குக்காரர் நனைவோம், கொப்பியை மடித்துக்கொண்டு முன்னுக்கு ஓடுவோம். நூறு பேர் இருந்தாலும் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அதே இடத்தில் கண்ணாடி அடைத்து ஏசி பூட்டிய மண்டபம். வசதிதான், மறுக்கவில்லை. ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச்சுற்றிக் குளிராக்குகிறது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. தை பிறந்து கலியாண வீடுகள் தொடங்கியதும் என்னிடம் வருகிற இருமலில் எத்தனை ஏசி மண்டப இருமல் என்று எனக்குத் தெரியும்.

கிணற்றடிக்கு வருகிறேன். மார்கழி விடிய எங்கள் கிணற்றில் அள்ளுகிற முதல் வாளித் தண்ணீரில் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அந்த நேரம் வெளிக்காற்றுத்தான் அதைவிடக் குளிர். இரவு முழுக்கப் பனியில் நின்ற தாங்கித் தண்ணீர்தான் உண்மையில் சில்லிடுவது. ஆக, தோயவார்க்கலாம். விடியப்புறத்தில் வேண்டாம், பத்து மணி வெயிலில் வாருங்கள். வார்த்து முடிந்ததும் ஈரத் தலையோடு காற்றில் விளையாடவிடாமல் உடனே துவட்டுங்கள். ஞாயிறு அவனுக்கு மூக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கிழமை தலைக்கு வார்க்காமல் மேலுக்கு மட்டும் சுடுதண்ணீரில் வாருங்கள். மாமிக்கும் ஒரு வெற்றி கிடைக்கட்டும்.

அன்ரிபயோட்டிக் பாணி வேண்டாம். அது பக்ரீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை, வயிற்றோட்டம்தான் மிச்சம். பாமசியில் போத்திலைக் காட்டி "முந்தித் தந்ததுதான், இன்னொண்டு தாங்கோ" என்று வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு உண்மையாகவே நியூமோனியா வரும்போது அந்த மருந்து வேலைசெய்யாமல் போகலாம். மூக்குச்சளி மஞ்சளாக, பச்சையாக மாறுவதைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. தடிமன் மாறுகிற வழியில் அந்த நிறம் வரும். மூக்கு ஒழுக்கு ஒரு கிழமை, பத்து நாளில் நிற்கும். இருமல் மூன்று கிழமைகூட இழுக்கும். நீங்கள் சொன்ன மூன்று தடிமனில் ஒன்று முந்தினதின் வாலாகவும் இருக்கக்கூடும்.

மாமி கொத்தமல்லி அவித்துத் தந்தால் குடிக்கக் கொடுங்கள். சுடச்சுடக் குடிப்பது தொண்டைக்கு இதம், தண்ணீரும் உள்ளே போகிறது. தேனும் இருமலுக்கு நல்லது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் தொட்டுவைக்கவும் கூடாது. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது பெரியவர்களுக்குச் சுகமாக இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையைப் போர்வைக்குள் கொதிநீர்ப் பானையோடு இருத்தவேண்டாம். பானை சரிந்து வெந்துபோன பிள்ளைகளுக்கு மருந்து கட்டியவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். மூக்கடைப்புக்கு பாமசியில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

காய்ச்சல் இருந்தால் கதை வேறு. தடிமன் காலமும் நுளம்புக் காலமும் வெள்ளக் காலமும் எங்களுக்கு ஒன்றாகத்தான் வருகின்றன. 2024 மார்கழியில், கார்த்திகைக் கடைசி வெள்ளம் வற்றிய கையோடு, இங்கே காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஆட்கள் இறந்தபோது முதலில் ஏதோ புதிய சுவாச நோய் என்றுதான் ஊர் பேசியது. பிறகு பார்த்தால் எலிக்காய்ச்சல். வயலுக்குள், வெள்ளத்துக்குள் கால் வைத்தவருக்குக் காய்ச்சல் என்றால் அதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லவேண்டும். டெங்குவும் அப்படித்தான், இந்த மாதங்களில்தான் இங்கே உச்சம். நான் வேலை தொடங்கிய காலத்தில் ஒரு சிறிய வைத்தியசாலையில், காய்ச்சலோடு வந்த பத்து வயதுப் பொடியனை "ஃபுளூதான் அம்மா, பயப்படாதேங்கோ" என்று வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, தாய்க்குச் சந்தோசம். பின்னேரம் கை கால் குளிர்ந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். பொடியன் தப்பிவிட்டான். மூக்கு ஓடாமல், தும்மல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்த பிள்ளையை ஃபுளூ என்று சொன்ன என் வாயை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே காய்ச்சலுக்கு பனடோல் மட்டும் கொடுங்கள். பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் எதுவும் தொடவேண்டாம். டெங்குவாக இருந்தால் குருதிக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இருக்கக்கூடாது. மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், தொடர்ந்து சத்தி எடுத்தால், வயிறு நொந்தால், சலம் குறைந்தால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முன்பு முட்டு வந்த பிள்ளை என்றால் தடிமனோடு அது திரும்பும். பம்பைத் தேடி எடுத்து மருந்து இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

உங்கள் வீட்டில் நான் பயப்படுவது மகனுக்கல்ல, மாமிக்கு. சீனி வருத்தக்காரருக்கு ஃபுளூ வந்தால் அது நெஞ்சில் இறங்குவதும், சீனி தாறுமாறாக ஏறுவதும் நடக்கும். ஃபுளூ ஊசி ஒன்று இருக்கிறது, வருடம் ஒரு முறை போடவேண்டும். போட்டு இரண்டு கிழமையில்தான் பலன் தெரியும். மச்சாள் குடும்பம் வந்து இறங்கிய பிறகு ஓடித்திரிவதில் பிரயோசனம் குறைவு. அவவுக்கு வழமையாக மருந்து தருகிற டொக்டரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். மாமி, "எனக்கேன் ஊசி, தோயவார்க்கிறதை நிப்பாட்டினாலே போதும்" என்றுதான் சொல்லுவா. பேரனுக்குப் பக்கத்தில் பயமில்லாமல் படுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

அறையில் ஒரு யன்னலாவது, சாரல் அடிக்காத பக்கத்தது, இரவும் திறந்திருக்கட்டும். நுளம்புக்கு வலையைக் கட்டுங்கள். ஓட்டோக்காரத் தம்பியிடம் மழை விட்டவுடன் படங்கைச் சுருட்டிவிடச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். கையைத்தான் அவன் மூக்குக்கும் கண்ணுக்கும் கொண்டுபோகிறான்.

திருவெம்பாவைக்கு விடுங்கள். பத்து நாள், விடியப்புறம், திறந்த ஒழுங்கை, நடக்கிற கூட்டம்: வைரஸுக்கு இதைவிட வசதியில்லாத இடம் கிடைக்காது. காதுக்கு ஒரு தொப்பி, ஒரு சுவெற்றர் போதும். ஆனால் ஒரு விஷயம். எனக்குப் பத்து வயதில் நானும் அப்படிப் போனவன். ஐந்தாம் நாள் தடிமன் பிடித்தது. அம்மா கிணற்றடியைத்தான் பேசினா; அடுத்த வருடம் போகவிடவில்லை. டொக்டராகிப் பல வருடத்துக்குப் பிறகுதான் எனக்கு அந்தச் சங்கு ஞாபகம் வந்தது. எங்கள் ஒழுங்கைப் பொடியன்களுக்கு ஒரே ஒரு சங்கு. ஆளாளுக்கு ஒரு ஊது. பனியில் ஒழுகிய மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் சங்கை அடுத்தவனிடம் கொடுப்போம். எச்சிலைவிட மூக்குச்சளி பட்ட கைதான் ரைனோவைரஸுக்கு நல்ல வாகனம். எங்களிடம் இரண்டும் இருந்தன.

மகனுக்குச் சேமக்கலம் அடிக்கக் கொடுங்கள். சங்குதான் வேண்டும் என்று நின்றால், அவனுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு வந்ததும் கழுவிக் கவிழ்த்துவைக்கப் பழக்குங்கள்.